கல்யாணத்தன்று பெய்த மழை

காலையில் பர்னாந்து டீக்கடைக்குப் போனால் ஏழெட்டுப் பேராவது நிற்பார்கள். ஒருத்தர் வாயும் அசையாது. டீ குடிக்க மட்டும் திறக்கும். பேச்செல்லாம் கழுத்திலிருந்து வரும். "சர்க்கரை சற்றுக் குறைவாக இருந்தால் மகிழ்வேன்" என்று ஒரு கழுத்து சொல்லும். "தங்கள் விருப்பம் போலவே" என்று பர்னாந்தின் கழுத்து பதில் சொல்லும். இதே பர்னாந்து ஒரு காலத்தில், டீயில் எறும்பு கிடக்கிறது என்று சொன்னவனைக் கரண்டியும் கையுமாகத் தெருமுனை வரைக்கும் துரத்தியவன். இப்போது அவன் முகத்தைப் பார்த்தால் அன்றைக்குத்தான் ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை மாதிரி இருக்கிறது.

நான் போனால் எல்லாரும் கொஞ்சம் விலகி நிற்பார்கள்.

"ஏலே பர்னாந்து, ஒரு டீ போடுலே. நேத்து மாதிரி கழுநீர ஊத்தித் தராத."

வாயால்தான் கேட்பேன். சின்னப் பிள்ளைகள் அம்மாக்களுக்குப் பின்னால் ஒளியும். அதுகள் மனிதன் வாயிலிருந்து சத்தம் வந்து பார்த்ததில்லை. பர்னாந்தின் கழுத்து, "வருக, சந்தியாகு அண்ணன். தங்கள் வரவு மகிழ்ச்சி தருகிறது" என்று சொல்லும். ஆனால் டீயில் வேண்டுமென்றே பாலாடையை மிதக்கவிட்டுத் தருவான். எனக்கு ஆடை ஆகாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. பழைய பர்னாந்து உள்ளே எங்கேயோ கிடக்கிறான்.

அந்தக் கழுத்துச் சாமானுக்கு மொழிவளை என்று பெயர். ஆஸ்பத்திரிக்காரர்கள் வாய்ஸ் காலர் என்பார்கள். நீ பேச நினைக்கும்போதே, வாய் அசைவதற்கு முன்னால், அது பிடித்துவிடும். பிடித்து, அதில் உள்ள கோபத்தை வடிகட்டி, அடியில் கிடக்கிற உணர்ச்சியை மட்டும் எடுத்து, உன் குரலிலேயே நல்ல தமிழில் சொல்லும். இது வந்த பிறகு ஊரில் சண்டை இல்லை, கேசு இல்லை என்கிறார்கள். இருக்கலாம். மீன் ஏலத்துக்குப் போய்ப் பாருங்கள். "மதிப்புக்குரிய அக்கா, இந்தச் சீலா சற்றே வயது முதிர்ந்ததாகத் தோன்றுகிறது." "தங்கள் கருத்தை மதிக்கிறேன் தம்பி." தூத்துக்குடியில் மீன் ஏலம் இப்படி நடந்தால் கடல் ஏன் தடுப்புச் சுவரைத் தாண்டி வராது?

வளை போடாதவர்களுக்கு அரசாங்கம் வெறும்வாய்க்காரர் என்று ஒரு மஞ்சள் வில்லை கொடுத்திருக்கிறது. சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் அந்த வில்லை இரண்டு பேருக்கு இருந்தது. ஒன்று எனக்கு. இன்னொன்று என் பெண்டாட்டி கித்தேரிக்கு.

போன தவக்காலத்தில் அவள் அடுப்படியில் சரிந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை இல்லாதது போலத் தொங்கியது. பேச்சு மொத்தமும் போயிருந்தது. இரண்டே வார்த்தை மிச்சம்.

"கிறுக்கு மனுசா."

தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான். கால் வலித்தாலும் அதுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். அதில் எத்தனை ராகம் உண்டு என்று எனக்குத் தெரியும். குட்டையாக வெட்டிச் சொன்னால் பசி. மூக்கால் சொன்னால் வலி. மெதுவாக ஆரம்பித்து, நீட்டி, கடைசியில் மேலே தூக்கி நிறுத்தினால், அது விருந்தாளி போன பிறகு வருகிற ராகம்.

அந்த ராகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் கடலில் பிறந்து கடலில் சாகிறவர்கள். எனக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தாலே குடலைப் புரட்டும். அதனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். ஆனால் வீட்டுக்கு வெளியூர் ஆள் யாராவது வந்தால், நான் தனியாளாய் ஒரு சுறாவைப் பிடித்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கித்தேரி மறுத்ததே இல்லை. காப்பியை வைத்துக்கொண்டே, "நெசந்தான். அதோட பல்லு ஒண்ணு இன்னும் எங்க பொட்டியில கெடக்கு" என்பாள். வந்தவர் படியிறங்கியதும் கதவைச் சாத்திவிட்டுத் தொடங்குவாள். "கிறுக்கு மனுசா! பல்லக் காட்டுன்னு கேட்டிருந்தா நான் எங்கவே போவேன்? ஒம்ம பல்லத்தான் புடுங்கணும்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில நாளில் மொழிநலத் துறையிலிருந்து இளவெயினி என்று ஒரு பெண் வந்தாள். நல்ல பிள்ளைதான். ஆனால் அவள் கழுத்து பேசும்போது நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன்.

"ஐயா, அம்மாவுக்கு மொழிதான் போயிருக்கிறது. அறிவு போகவில்லை" என்றது கழுத்து.

"அது எனக்குத் தெரியாதாக்கும். உப்பு கூடுனா தட்டத் தள்ளி வைக்கா. அறிவு இல்லாதவ தள்ளி வைப்பாளா?"

"சொற்கள் மூளையில் ஒரு பக்கம் இருக்கின்றன. பாசமும் பயமும் வேறு பக்கம். பல வருடம் ஏசிப் பழகிய வார்த்தைகள் அந்த வேறு பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அந்த இரண்டு மட்டும் தப்பித்தன."

"அப்போ என்னைய ஏசுனது வீண்போகல."

அவள் சிரித்தாள். சிரிப்பு மட்டும் வாயிலிருந்து வந்தது. அதற்காகவே அவளுக்கு ஒரு முறுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு விவரம் சொன்னாள். வளை முதலில் கித்தேரிக்கு எதன் மேல் உந்துதல் வருகிறது என்று பார்க்கும். கூடவே என்ன உணர்ச்சி வருகிறது என்று பார்க்கும். அப்புறம் அதற்குத் தோதான வார்த்தையைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்து, கித்தேரியின் பழைய குரலில் சொல்லும்.

"சரக்கு அவளோடது. சாக்கு ஒங்களோடது. அப்படித்தான?"

"அப்படிச் சொல்லலாம் ஐயா."

"சாக்குக்குள்ள நீங்க பாதி மண்ண அள்ளிப் போட்டா எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"சிறந்த கேள்வி" என்றது கழுத்து. சிறந்த கேள்வி என்று சொன்னால் பதில் தெரியாது என்று அர்த்தம்.

ஒரு மாதம் சோதனை. அதற்குப் பிறகு வளையைத் தொண்டையோடு பதித்துவிடுவார்கள். அப்புறம் கழற்ற முடியாது. பதிக்க வேண்டுமானால் புருசன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். கித்தேரியின் வளை, சம்மதம் என்று சொன்னால் செல்லாது. வளைப் பேச்சு வளைக்கே சாட்சி ஆகாதாம். இந்த அரசாங்கம் போட்ட சட்டத்திலேயே புத்தியுள்ள சட்டம் இது ஒன்றுதான். நான் வேண்டாம் என்றால் வளையை எடுத்துக்கொண்டு போவார்கள். அவளுக்கு அந்த இரண்டு வார்த்தைதான் கடைசி வரைக்கும்.

மாட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு மத்தியானம் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். மூன்றாவது வாய்க்கு கித்தேரியின் குரல் கேட்டது.

"நன்றி. நீங்கள் சாப்பிட்டீர்களா?"

கையிலிருந்த சோறு அவள் மடியில் விழுந்தது. குரல் அவளுடையதுதான். நோய் வருவதற்கு முன்னால் இருந்த அதே கட்டைக் குரல். ஆனால் கித்தேரி ஜென்மத்தில் என்னைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டதில்லை. சட்டி மூடியை டங்கென்று தரையில் வைப்பாள். அதுதான் சாப்பிடக் கூப்பிடுவது.

அடுத்தடுத்த நாளும் இதே கதைதான். தலை வாரிவிட்டால், "உங்கள் கை படும்போது நிம்மதியாக இருக்கிறது" என்றது. ஜன்னலைத் திறந்துவிட்டால், "கடல் காற்றை நீங்களும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றது. எங்கள் மகள் ஜெனோவா மும்பையிலிருந்து பேசியபோது, "உன்னை நினைக்காத நாளில்லை மகளே" என்றது. அங்கே அவள் ஓவென்று அழுதாள். "ப்பா, அம்மா இப்பிடி ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னதே இல்லப்பா" என்றாள்.

"அதத்தாம்ளா நானும் சொல்லுதேன். அவ சொன்னதே இல்ல" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

கடைசியில் ஒரு நாள், கித்தேரிக்குக் கால் அமுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது.

"உங்களை மணந்ததில் எனக்கு மகிழ்ச்சி."

எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். யாரோ ஒரு மரியாதைக்காரப் பெண்பிள்ளை என் பெண்டாட்டிக்குள் குடிவந்து, அவள் தொண்டையை எடுத்துக்கொண்டு என்னோடு குலாவுகிறாள். உள்ளே நிஜமான கித்தேரி கதவைத் தட்டிக்கொண்டு கிடக்கிறாளோ என்னவோ. நல்ல வார்த்தை சொல்கிறவனை நம்பாதே என்று என்னைத் துறைமுகம் பழக்கியிருக்கிறது. மூட்டை தூக்கச் சொல்கிற முதலாளிதான் முதலில் அண்ணாச்சி என்று கூப்பிடுவான்.

சோதனை மாதம் முடிகிற அன்று காலையிலேயே இளவெயினி வந்தாள். நான் தயாராக இருந்தேன். ஒரு பொறி வைத்திருந்தேன்.

"அம்மா, ஒக்காரு. ஒன் முன்னாலயே ஒண்ணு கேக்கப் போறேன். அது பதில் சொல்லட்டும். அப்புறம் நீயே முடிவு பண்ணு" என்றேன். பிறகு கித்தேரி பக்கம் திரும்பினேன்.

"ஏட்டி, நம்ம கல்யாணத்தன்னைக்குப் பெஞ்ச மழை நெனவிருக்கா? பந்தல் சரிஞ்சு, தெருவெல்லாம் தண்ணி நின்னு, நான் ஒன்னத் தூக்கிக்கிட்டு மாதா கோயில் வரைக்கும் போனேம்லா?"

கித்தேரி என்னைப் பார்த்தாள். இளவெயினியைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"நினைவிருக்கிறது" என்றது வளை. "உங்கள் வேட்டி முழுக்கச் சேறு. இடது செருப்பு சேற்றில் புதைந்துவிட்டது. அது இன்னும் கிடைக்கவில்லை."

நான் துள்ளி எழுந்தேன். "பாத்தியாம்மா! கேட்டியா! செருப்பாம், சேறாம்! அன்னைக்குக் கொளுத்துன வெயில்ல கோயில் மெழுகுதிரியெல்லாம் தன்னால வளைஞ்சு போச்சு. மழையாவது மண்ணாவது. இவள நான் தூக்கவும் இல்ல. இவ அப்பன் கார்ல வந்து எறங்குனா. நான் என்ன சொன்னாலும் ஆமாம் போடுது. போதாததுக்கு அதுவும் ஒரு கை அள்ளிப் போடுது. இதுக்குள்ள என் பொண்டாட்டி இல்ல. கழத்திரு."

இளவெயினியின் முகம் வாடிப்போனது. அவள் கழுத்துகூடச் சிறந்த கேள்வி என்று சொல்லவில்லை. எழுந்து, கித்தேரியின் பிடரிக்குப் பின்னால் கையைக் கொடுத்து வளையைக் கழற்றி, மேசையில் வைத்தாள்.

"அடுத்த தெருவில் ஒரு வீடு இருக்கிறது ஐயா. முடித்துவிட்டு வருகிறேன். அதுவரை இது இங்கேயே இருக்கட்டும். ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். எடுத்துப் போய்விட்டால் திரும்பக் கிடைக்காது."

"யோசிக்க ஒண்ணுமில்ல" என்றேன்.

அவள் படியிறங்கிப் போனாள். நான் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டுத் திரும்பவில்லை, அதற்குள் பின்னாலிருந்து வந்தது.

"கிறுக்கு மனுசாஆஆ."

மெதுவாக ஆரம்பித்து, நீட்டி, கடைசியில் மேலே தூக்கி நிறுத்தி.

தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் நின்றேன். அந்த ராகத்தை அவள் விழுந்த பிறகு இன்றைக்குத்தான் கேட்கிறேன். விருந்தாளியிடம் கதையளந்து அனுப்பினால்தானே அது வரும்.

திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. மற்றப் பக்கத்துக்குச் சிரிக்க வராது. இடது கையால் தன் பாதத்தைத் தொட்டாள். பிறகு என் பாதத்தைக் காட்டினாள். பிறகு கையை விரித்தாள். செருப்பு எங்கே என்கிறாள்.

நான் எவ்வளவு பெரிய மடையன். அயலாள் முன்னால் வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். சர்க்கார் உத்தியோகக்காரி ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, புருசன் ஒரு பொய்யைச் சொல்லுகிறான். கித்தேரி என்ன செய்வாள்? எப்போதும் செய்வதைச் செய்தாள். ஆமாம் என்று சொல்லி, ஆள் நம்புவதற்கு ஒரு சுறாப்பல்லையும் சேர்த்து வைத்தாள். எந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது அந்தச் செருப்பு? வார்த்தை அவர்களுடையதாக இருக்கலாம். செருப்பு இவளுடையது. நான்தான் சபையில் அவளைப் பொய்க்காரி என்று கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டேன். நாற்பது வருசத்தில் ஒரு நாள்கூட அவள் எனக்கு அதைச் செய்ததில்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. செருப்பு அவளுடையது என்றால் மற்றதும் அவளுடையதுதான். தலை வாரும்போது நிம்மதி என்று சொன்னதும். ஜெனோவாவிடம் சொன்னதும். கால் அமுக்கும்போது சொன்னதும். சட்டி மூடியை டங்கென்று வைத்தபோதெல்லாம் அடியில் அதுதான் கிடந்திருக்கிறது. மூடிச் சத்தத்தில் எனக்கு அது காதில் விழவில்லை.

"கித்தேரி, நீதானாட்டி அது?"

அவள் மேசையைக் காட்டினாள். நான் வளையை எடுத்து அவள் கழுத்தில் மாட்டப் போனேன். இடது கையால் தட்டிவிட்டாள். என் கழுத்தைக் காட்டினாள்.

"எனக்கா? போடி. செத்தாலும் மாட்டேன்."

மறுபடி காட்டினாள். அவள் ஒன்றை இரண்டு தடவை காட்டினால் மூன்றாவது தடவை செம்பு பறக்கும். ஒருத்தர் வளையை இன்னொருத்தர் போடுவது சட்டப்படி தப்பு வேறு. கதவு சாத்தித்தான் இருந்தது. எடுத்து மாட்டினேன். கொக்கி பிடரியில் சில்லென்று பட்டது. வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இந்தா போட்டுட்டேன், போதுமா என்று மட்டும் நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

என் கழுத்திலிருந்து கித்தேரியின் குரல் வந்தது. வளைக்கு அந்த ஒரு குரல்தானே தெரியும்.

"நீ அடுப்படியில் சரிந்தபோது பயந்துபோனேன். இன்னும் பயம் தீரவில்லை. வேறு யாரோ ஒருத்தியிடம் உன்னைப் பறிகொடுத்துவிட்டேன் என்று நினைத்துத்தான் கத்தினேன். நீ ஏசாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது."

பிடுங்கி எறியலாம் என்று கை போனது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் குரலில் நான் பேசுவதைத் தலையைச் சாய்த்து, ரேடியோ கேட்பது போலக் கேட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து, சிரிக்காத பக்கத்தில் போய் நின்றது. அதைத் துடைக்க அவளுக்குத் தெரியவில்லை, அந்தப் பக்கம் உணர்ச்சி கிடையாது. நான் துடைத்தேன்.

"கிறுக்கு மனுசா" என்றாள். இது எந்த ராகம் என்று எனக்குப் பிடிபடவில்லை. பசி இல்லை, வலி இல்லை. முன்னால் கேட்டதே இல்லை.

வளையைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, அவள் கழுத்தில் மாட்டினேன். தலையை வாரிவிட்டேன். பிறகு தாழ்ப்பாளைத் திறந்துவைத்தேன்.

இளவெயினி திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றாள். கித்தேரியின் கழுத்தில் வளையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பதிச்சிரு தாயி. இது சந்தியாகு வாயால சொல்லுத சம்மதம். எழுதிக்கோ" என்றேன். "ஆனா ஒண்ணு. பதிச்ச பெறகும் அவ வாயால ஏசலாமா?"

"தாராளமாக ஏசலாம் ஐயா. வளை அதைத் தடுக்காது" என்றது அவள் கழுத்து. ஆனால் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. கடமைக்காரப் பிள்ளை. கையைத் தூக்கித் தன் வளையை அணைத்துவிட்டு, வாயைத் திறந்தாள். கூவிப் பழகாத சேவல் மாதிரி சத்தம் உடைந்து வந்தது.

"அய்யா... அப்ப அந்த மழ? நீங்கதான பொய்யின்னு சொன்னீங்க?"

கித்தேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழ பெஞ்சுதும்மா" என்றேன். "அந்த மாதிரி மழைய இந்த ஊரு அதுக்கப்புறம் பாக்கல. எனக்குத்தான் வயசாயிட்டு, வெயிலுன்னு ஒளறிட்டேன். இவளத் தூக்கிக்கிட்டுப் போனதுல இந்தா, இந்த இடுப்பு அன்னைக்குப் புடிச்சது, இன்னும் விடல."

"செருப்பு?"

"அதத்தான் இன்னும் தேடிக்கிட்டு இருக்கோம்."

இளவெயினி தலையாட்டிவிட்டுப் பையைத் திறந்தாள். கித்தேரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. வளையும் மூச்சுவிடவில்லை. அந்தப் பிள்ளை வேலையை முடித்துப் படியிறங்கட்டும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.